காற்று தொட்ட ஒயின், காற்று தொடாத ஒயின்

போர்ட்டோ நகரில் போர்ட் ஒயினுக்கென்றே ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. அதற்குள் ஒரு சுவை அறை. போர்ட் என்ற பெயரோடு கடைக்குப் போக விரும்பும் எந்த ஒயினும் முதலில் இந்த அறையைத் தாண்ட வேண்டும். மாதிரிகள் எண்ணிட்ட குவளைகளில் வரும். எந்தக் கம்பெனியின் சரக்கு என்று சுவைப்பவர்களுக்குத் தெரியாது. முகர்ந்து, வாயில் உருட்டி, துப்பி, மதிப்பெண் போடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. '20 ஆண்டு' என்று முகப்புச்சீட்டு ஒட்டிய ஒரு டாவ்னி போர்ட்டை எடுத்துக்கொள்வோம். அந்தப் புட்டிக்குள் இருப்பது சரியாக 20 வயதான ஒயின் அல்ல. 12 வயதானதும் 30 வயதானதும் இன்னும் பலவும் கலந்த கலவை அது. கணக்குப் புத்தகத்தில் சராசரி போட்டுப் பார்த்து அந்த எண்ணைக் கொடுப்பதில்லை. 20 ஆண்டு மரப்பீப்பாயில் கிடந்த ஒயினுக்கு உரிய நிறமும் மணமும் சுவையும் இதில் இருக்கின்றனவா என்று சுவைக்குழு பார்க்கிறது. இருந்தால் 20. இல்லையென்றால் திருப்பி அனுப்பப்படும். அதாவது, சட்டப்படி செல்லுபடியாகும் ஒரு வயதை மனித மூக்கு தீர்மானிக்கிறது.

மூக்கால் வயது சொல்ல முடியுமா? போர்ட் விஷயத்தில் முடியும். ஏனென்றால் போர்ட்டின் வகைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சரக்கில் தொடங்குகின்றன. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே திராட்சைகள், ஒரே செய்முறை. அதன் பிறகு அவற்றைப் பிரிப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எவ்வளவு ஆக்சிஜன், எவ்வளவு காலம். ரூபி, எல்.பி.வி., வின்டேஜ், டாவ்னி என்று நான்கு குவளைகளை வரிசையாக வைத்துச் சுவைப்பவர், தெரிந்தோ தெரியாமலோ ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிய ஒரு வேதியியல் பரிசோதனையின் முடிவுகளைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

சரக்கு எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வட போர்த்துகலில் ஸ்பெயின் எல்லையை ஒட்டி டோரோ ஆற்றின் பள்ளத்தாக்கு. மண் என்று சொல்வதற்கு அங்கே அதிகம் இல்லை. தகடு தகடாகப் பிளக்கும் ஷிஸ்ட் பாறை. அதன் இடுக்குகளில் வேரை இறக்கி நிற்கும் கொடிகள். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். டூரிகா நாசியோனல், டூரிகா ஃபிராங்கா, டின்டா ரோரிஸ், டின்டா பரோக்கா, டின்டோ காவ் ஆகிய ஐந்தும் புகழ் பெற்ற இனங்கள். சட்டம் அனுமதிக்கும் பட்டியலோ மிக நீளம். பழைய தோட்டங்களில் எல்லா இனமும் கலந்தே நிற்கும்.

செப்டம்பரில் அறுவடை. நல்ல ஒயினுக்கான பழம் இன்றும் பல தோட்டங்களில் லகார் எனப்படும் அகன்ற கருங்கல் தொட்டியில் கொட்டப்பட்டு, காலால் மிதிக்கப்படுகிறது. இதைச் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சி என்று நினைப்பது தவறு. நொதித்தலுக்கு இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். அதற்குள் தோலில் உள்ள நிறம் முழுவதையும் சாற்றுக்குள் இறக்கியாக வேண்டும். பாதம் தோலைக் கசக்கும், ஆனால் விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசப்பு இறங்கும். 1990களின் இறுதியில் போர்ட் தயாரிக்கும் சிமிங்டன் குடும்பம் இயந்திர லகார்களை உருவாக்கியபோது, அவை காலின் அழுத்தத்தையும் வெதுவெதுப்பையும் பின்பற்றும்படிதான் வடிவமைக்கப்பட்டன.

இப்போது ஒரு சிறு கணக்கு. நன்கு பழுத்த திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு 230 கிராம் சர்க்கரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈஸ்ட் அதைத் தின்று எத்தனாலாக மாற்றத் தொடங்குகிறது. ஒரு சதவீத ஆல்கஹாலுக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை செலவு. 6 சதவீதம் வந்ததும் 100 கிராம் தீர்ந்திருக்கும்; மீதி 130. இந்தக் கட்டத்தில் ஒயின் தயாரிப்பாளர் சாற்றை வடித்து, 77 சதவீத ஆல்கஹால் உள்ள, நிறமற்ற திராட்சைச் சாராயத்தை அதில் கலக்கிறார். மரபான அளவு: 435 லிட்டர் சாறு, 115 லிட்டர் சாராயம். சேர்ந்து 550 லிட்டர், டோரோவில் ஒரு 'பிப்பா', அதாவது ஒரு பீப்பாய். கலவையின் ஆல்கஹால் ஒரே மூச்சில் 20 சதவீதத்துக்கு மேல் எகிறுகிறது. ஈஸ்ட் செல்களின் சவ்வு அதைத் தாங்காது, நொதித்தல் நின்றுவிடும். தின்னப்படாத சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம் அளவில் அப்படியே தங்கிவிடுகிறது. சாதாரண உலர் ஒயினில் இது 4 கிராம்கூடத் தேறாது. போர்ட்டின் இனிப்பு வெளியிலிருந்து கொட்டிய சர்க்கரை அல்ல. ஈஸ்ட் சாப்பிட்டு முடிக்காத பங்கு.

இந்தச் சாராயச் சேர்க்கைக்கு ஒரு காலத்தில் பலத்த எதிர்ப்பு இருந்தது. இங்கிலாந்தும் போர்த்துகலும் 1703இல் மெத்துவன் ஒப்பந்தம் செய்தபின், பிரெஞ்சு ஒயினைவிடக் குறைந்த வரியில் போர்த்துகல் ஒயின் லண்டனுக்குள் நுழைந்தது. தேவை பெருகியதும் கலப்படமும் பெருகியது. வெளிறிய ஒயினுக்கு நிறமேற்ற எல்டர்பெர்ரிப் பழச்சாற்றைக் கலந்தார்கள். 1756இல் போர்த்துகல் அமைச்சர் பொம்பால் பிரபு டோரோ நிலத்துக்கு எல்லை வகுத்து, கருங்கல் தூண்களை நட்டு, எல்லைக்குள் இருந்த எல்டர் மரங்களை வேரோடு பிடுங்கச் சொன்னார். உலகில் சட்டத்தால் எல்லையிடப்பட்டு, விதிகளால் கட்டுப்படுத்தப்பட்ட மிகப் பழைய ஒயின் பகுதிகளில் ஒன்றாக டோரோ ஆனது இப்படித்தான். அடுத்த நூற்றாண்டில் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்ற ஆங்கிலேய வணிகர், டோரோ ஆற்றுக்கே துல்லியமான வரைபடம் போட்டவர், 1844இல் ஒரு துண்டுநூல் வெளியிட்டார். சாராயம் சேர்ப்பது ஒயினைக் கெடுப்பது, இயற்கையாக நொதித்து முடிந்த ஒயினே நேர்மையானது என்பது அவர் கட்சி. சக வணிகர்கள் கொதித்துப்போனார்கள். 1861இல் வலெய்ரா என்னும் சுழலில் படகு கவிழ்ந்து ஃபாரஸ்டர் மூழ்கினார். இடுப்பில் கட்டியிருந்த பணப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று கதை. அதே படகில் இருந்த தோனா அன்டோனியா ஃபெரெய்ரா, டோரோவின் பெரும் தோட்டக்காரி, குடைபோல் விரிந்த பாவாடை மிதக்க வைத்ததால் பிழைத்தார் என்றும் கதை. ஃபாரஸ்டர் வாதத்தில் தோற்றார். ஆனால் இன்று அதே பள்ளத்தாக்கில் சாராயம் சேர்க்காத டோரோ சிவப்பு ஒயின்கள் பெரும் பெயர் வாங்குகின்றன என்பதால், முழுத் தோல்வி என்றும் சொல்ல முடியாது.

குளிர்காலம் முடிந்ததும் இளம் போர்ட் கீழே கடலோரம் போகும். முன்பு ரபேலோ எனப்படும் தட்டை அடிப் படகுகளில் போயிற்று. அணைகள் வந்தபின் லாரியில். போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் உள்ள விலா நோவா டி கையாவின் கிடங்குகளில் அட்லாண்டிக் காற்றின் ஈரமும் குளிர்ச்சியும் உண்டு. 1986 வரை ஏற்றுமதியாகும் போர்ட் எல்லாம் அந்தக் கிடங்குகள் வழியாகத்தான் போக வேண்டும் என்று விதியே இருந்தது. பாதை பிரிவது இங்கேதான்.

ஒரு பகுதி பெரிய மரத்தொட்டிகளுக்கோ எஃகுத் தொட்டிகளுக்கோ போகிறது. இன்னொரு பகுதி 550 லிட்டர் பீப்பாய்களுக்கு. இந்த அளவு வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 50,000 லிட்டர் தொட்டியையும் 550 லிட்டர் பீப்பாயையும் ஒப்பிட்டால் கொள்ளளவு 90 மடங்கு வேறுபடுகிறது. ஆனால் ஒரு லிட்டர் ஒயினுக்கு வாய்க்கும் மரப்பரப்பு, சிறு பீப்பாயில் நாலரை மடங்கு அதிகம். மரத்தின் நுண்துளைகள் வழியாகவும் பலகைகளின் இணைப்புகள் வழியாகவும் ஆக்சிஜன் சொட்டுச் சொட்டாக உள்ளே வருகிறது. பீப்பாய்களும் மிகப் பழையவை. புது ஓக் மரத்தின் வனில்லா வாசனை போர்ட்காரர்களுக்குத் தேவையில்லை. அவர்களுக்கு மரம் என்பது மூச்சு விடும் ஒரு சுவர், அவ்வளவே.

காற்று படாமல் காக்கப்பட்டது ரூபியாகும். காற்றுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது டாவ்னியாகும். வின்டேஜ், இரண்டு மூன்று ஆண்டு மட்டும் மரத்தில் இருந்துவிட்டுக் கண்ணாடிக்குள் புகுந்து, காற்றே இல்லாமல் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

குவளையை வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்துப் பார்த்தால் இந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியும். இளம் போர்ட்டின் கருநீலச் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. திராட்சைத் தோலில் இருப்பது. தனியாக இருந்தால் அது நிலையற்றது, சில ஆண்டுகளில் சிதைந்துவிடும். ஆனால் ஒயினுக்குள் அது தனியாக இருப்பதில்லை. நொதித்தலைப் பாதியில் நிறுத்தியதால் ஈஸ்ட் விட்டுச்சென்ற பைருவிக் அமிலம் போர்ட்டில் நிறைய இருக்கிறது. அது ஆந்தோசயனினோடு சேர்ந்து விட்டிசின் என்ற, எளிதில் வெளுக்காத நிறமியை உண்டாக்குகிறது. சேர்த்த சாராயத்தோடு வரும் அசிட்டால்டிஹைடு, ஆந்தோசயனினையும் துவர்ப்பு தரும் டானினையும் பாலம்போல் இணைக்கிறது. போர்ட்டோ பல்கலைக்கழகத்தின் நூனோ மத்தேயுஸ், விக்டர் தெ ஃபிரெய்டாஸ் ஆகியோரின் குழு 2003இல் போர்ட் ஒயினிலிருந்து நீல நிறமுள்ள ஒரு புதிய நிறமிக் குடும்பத்தையே பிரித்தெடுத்தது. போர்ட்டிசின் என்று அதற்குப் பெயர். பிறந்தபோது திராட்சையில் இல்லாத பொருள் அது. ஒயின் மூப்படையும்போது தானாக உருவாகிறது. ஆக்சிஜன் தொடர்ந்து வரும் பீப்பாயிலோ வேலை வேறு திசையில் போகிறது. நிறமிகள் சேர்ந்து பெருத்து வண்டலாக அடியில் இறங்குகின்றன. மிஞ்சியவை செங்கல் நிறம், செம்பு நிறம் என்று மாறி, 40 ஆண்டில் ஓரத்தில் பச்சை மினுமினுக்கும் தேன் நிறத்தை எட்டுகின்றன.

கண் சொல்வதை முழுக்க நம்பக் கூடாது என்பதற்கும் ஒயின் ஆய்விலேயே சாட்சி இருக்கிறது. 1963இல் கலிபோர்னியாவில் ரோஸ் மேரி பாங்போர்னும் கூட்டாளிகளும் இனிப்பற்ற வெள்ளை ஒயினுக்குப் பல நிறங்கள் ஏற்றிக் கொடுத்தார்கள். ரோஜா நிறக் குவளைதான் அதிக இனிப்பு என்று சொன்னவர்கள் புதியவர்கள் அல்லர், அனுபவசாலிகள். 2001இல் வெளியான, பிரான்சின் போர்தோ நகர ஆய்வு இன்னும் கொடுமையானது. 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயின் ஒன்றையும், அதே ஒயினில் மணமற்ற சிவப்பு நிறமி கலந்ததையும் கொடுத்தார்கள். நிறமேற்றிய வெள்ளை ஒயினைச் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் அவர்கள் வர்ணித்தார்கள். அதில் கலந்த நிறமியும் திராட்சை ஆந்தோசயனின்தான். ஆகவே போர்ட் வகைகளை மெய்யாகவே ஒப்பிட விரும்புபவர், முதல் சுற்றை நிறம் தெரியாத கறுப்புக் குவளையிலோ, அது கிடைக்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டோ செய்வது நல்லது. டாவ்னியையும் ரூபியையும் கண் பார்த்த பிறகு மூக்கு சொந்த முடிவு எடுப்பது கடினம்.

குவளையின் வடிவமும் முக்கியம். உணவகங்களில் இன்னும் தருகிற கட்டைவிரல் அளவுக் கிண்ணத்தில் மணம் சேர இடமே இருக்காது. நடுவில் அகன்று மேலே குறுகும் குவளை வேண்டும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்ற வேண்டும். போர்த்துகலின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஆல்வாரோ சீசா, பெருவிரலை வைக்க ஒரு பள்ளத்தோடு போர்ட்டுக்கென்றே ஒரு குவளையை வடிவமைத்திருக்கிறார். வெப்பநிலையும் உண்டு. சென்னைப் பகலின் 32 டிகிரியில் எந்தப் போர்ட்டும் சாராயமாகத்தான் மணக்கும், ஏனென்றால் எத்தனால் முந்திக்கொண்டு ஆவியாகும். வெள்ளைப் போர்ட்டுக்கு 8 டிகிரி, டாவ்னிக்கு 12 முதல் 14, வின்டேஜுக்கு 16 முதல் 18. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் வெளியே வைத்தால் போதும்.

வரிசையின் முதல் குவளை ரூபி. பெரிய தொட்டியில் இரண்டு மூன்று ஆண்டு, பிறகு வடிகட்டிப் புட்டியில். செர்ரி, கருந்திராட்சை, கொஞ்சம் காரம், நேரடியான இனிப்பு. இதில் நுணுக்கம் தேடுவது வீண். இது அடிக்கோடு, மற்றவற்றை அளக்க ஒரு அளவுகோல். போர்ட் விற்பனையில் பெரும் பங்கு வகிப்பவை இத்தகைய எளிய வகைகள்தாம் என்பதை ஒயின் விமரிசகர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

எல்.பி.வி. என்பது 'லேட் பாட்டில்டு வின்டேஜ்' என்பதன் சுருக்கம். ஒரே ஆண்டின் அறுவடை, நாலு முதல் ஆறு ஆண்டு மரத்தில் இருந்தபின் புட்டிக்குப் போவது. டெய்லர்ஸ் நிறுவனம் 1965 அறுவடையை 1970இல் இந்தப் பாணியில் வெளியிட்டு அதைப் பரவலாக்கியது. வின்டேஜுக்காக 20 ஆண்டு காத்திருக்கப் பொறுமையில்லாத உணவகங்களுக்கு இது வரப்பிரசாதம். வடிகட்டாத எல்.பி.வி. கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும். வடிகட்டும்போது வண்டலோடு, வாயில் பிடிப்பைத் தரும் பெரிய மூலக்கூறுகளும் போய்விடுகின்றன.

அந்தப் பிடிப்பு டானினின் வேலை. பாக்கு மெல்லும்போது நாக்கு சொரசொரப்பாகி இழுத்துப் பிடிக்கிறதல்லவா, அதே வேதியியல். உமிழ்நீரில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன. வாயை வழுவழுப்பாக வைப்பவை அவை. டானின் அவற்றைக் கட்டிப்போட்டுத் திரியச் செய்கிறது. துவர்ப்பு என்பது நாக்கு மொட்டுகளில் பிறக்கும் சுவையைவிட, உராய்வாக உணரப்படும் தொடு உணர்ச்சி என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. ஒப்பிடுபவருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: துவர்ப்பு குவளைக்குக் குவளை ஏறிக்கொண்டே போகும். இளம் வின்டேஜைச் சுவைத்த கையோடு பழைய டாவ்னியை வாயில் வைத்தால், பாவம் டாவ்னி, தன் குற்றமல்லாத துவர்ப்புக்கும் பழி ஏற்கும். நடுவில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும், சில நிமிட இடைவெளியும் வேண்டும்.

வின்டேஜ் போர்ட்டுக்கு இருக்கிற மதிப்பு தனி. எல்லா ஆண்டும் அது வருவதில்லை. அறுவடைக்கு இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஒயினைச் சுவைத்து, தகுதியுண்டு என்று நினைத்தால் 'அறிவிப்பு' செய்யும். பத்தாண்டுக்கு மூன்று முறை என்பது வழக்கமான விகிதம். 1963, 1977, 1994, 2011 ஆகியவை பேசப்படுபவை. 2016ஐயும் 2017ஐயும் அடுத்தடுத்துப் பெரும்பாலோர் அறிவித்தது அரிய நிகழ்ச்சி. இளமையில் வின்டேஜ் மையைப்போல் கறுத்து, வாயைக் கட்டிவிடும். டூரிகா நாசியோனல் அதிகம் உள்ள புட்டியில் வயலட் பூ மணம் வரும் என்பார்கள். பீட்டா அயனோன் என்ற மூலக்கூறும் அத்தகைய மணத்தைத் தருவது. ஆனால் OR5A1 என்று குறிக்கப்படும் ஒரே மரபணுவின் வேறுபாட்டால், மக்களில் கணிசமானோருக்கு இந்த மூலக்கூறு பூவாக மணப்பதே இல்லை. இரண்டு நண்பர்கள் ஒரே குவளையை முகர்ந்து, ஒருவர் பூ என்றும் மற்றவர் ஒன்றுமில்லை என்றும் சொன்னால், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

புட்டிக்குள் வின்டேஜ் ஏறத்தாழ ஆக்சிஜனின்றி மூப்படைகிறது. நிறமிகளும் டானின்களும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் படிகின்றன; துவர்ப்பு மெல்ல மிருதுவாகிறது; பழமணம் மறைந்து அத்தி, புகையிலை, தோல் போன்ற மணங்கள் தலைகாட்டுகின்றன. 20 ஆண்டுக்கு மேல் ஆன புட்டியைத் திறப்பது தனிக் கலை. தக்கை நைந்து பொடியாகும் என்பதால், சிலர் செந்தணலாகக் காய்ச்சிய இடுக்கியால் புட்டியின் கழுத்தைப் பிடித்துவிட்டு ஈரத்துணியை வைப்பார்கள். கண்ணாடி சுருங்கும் வேகத்தில் கழுத்து சுத்தமாக விண்டு வரும். இதற்குக் காரணம் கண்ணாடி வெப்பத்தை மோசமாகக் கடத்துவதே. பிறகு வண்டல் கலங்காமல் வேறு கலத்துக்கு மெதுவாக வடித்து ஊற்ற வேண்டும்.

டாவ்னிக்கு வந்தால் நிலம் மாறிவிடுகிறது. பழம் போய், வாதுமை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், கருகும் சர்க்கரை, பிறகு ஏதோ சமையலறை மணம். அந்தச் சமையலறை மணம் கற்பனை அல்ல. போர்ட்டோவைச் சேர்ந்த அன்டோனியோ சீசர் சில்வா ஃபெரெய்ராவும் உடன் ஆய்ந்தோரும் பீப்பாயில் மூப்படைந்த போர்ட்டின் மணத்துக்கு முக்கிய காரணியாகச் சோட்டலோன் என்ற மூலக்கூறைக் காட்டினார்கள். வெந்தயத்தின் மணமும் அதே சோட்டலோன்தான். வெந்தயம் அதிகம் தின்றவரின் வியர்வையில் இனிப்பு வாடை வருவதற்கும் இதுவே காரணம். லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் அளவிலேயே மனித மூக்கு போர்ட்டில் இதைக் கண்டுபிடித்துவிடும். இளம் போர்ட்டில் சில மைக்ரோகிராமே இருக்கும். பல பத்தாண்டு பீப்பாயில் கிடந்ததில் பல நூறு வரை ஏறும். உருவாவதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதால், காற்று புகாத புட்டியில் கிடந்த வின்டேஜில் இது எழுவதில்லை. சுவை அறையில் வயது சொல்லும் மூக்குகள், பெயர் தெரியாமலே இந்தக் கடிகாரத்தை நெடுங்காலமாகப் படித்துவந்தன. தமிழ் வாசகர் ஒருவருக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. ஐரோப்பிய விமரிசகர் 'கறி மசாலா மணம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதை, சாம்பார்ப்பொடி அரைத்த வீட்டில் வளர்ந்த மூக்கு வெந்தயம் என்று நேராகப் பெயர் சொல்லிவிடும்.

பீப்பாயில் இன்னொன்றும் நடக்கிறது. சரக்கு ஆவியாகிறது. ஆண்டுக்கு 2 சதவீதம் போவதாக வைத்துக்கொண்டால் 20 ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். 40 ஆண்டில் பாதிக்கு மேல். ஆவியாவது தண்ணீரும் ஆல்கஹாலும்; சர்க்கரையும் அமிலமும் தங்கிவிடுகின்றன. அதனால்தான் 40 ஆண்டு டாவ்னி வாயில் பாகாக விழுந்தும் கூர்மையான புளிப்போடு நிமிர்கிறது. விலை ஏறுவதற்கும் பாதிக் காரணம் இதுவே.

10, 20, 30, 40 என்ற நான்கு படிகளோடு அண்மையில் 50 ஆண்டு என்ற படியும் சேர்ந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் 10 ஆண்டில் பழமும் வாதுமையும் பாதிப்பாதி. 20இல் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்திருக்கும். 30இல் பழம் நினைவாக மட்டும் இருக்கும். 40 பல நேரம் ஒயின் என்பதைவிட, துளித்துளியாக நக்க வேண்டிய ஒரு சாரம். காசு இரட்டிப்பாவதற்கு ஏற்ப இன்பமும் இரட்டிப்பாகிறதா என்றால், 20க்குப் பிறகு இல்லை.

டாவ்னிக் குடும்பத்திலேயே கோல்யேட்டா என்று ஒன்று உண்டு. ஒரே ஆண்டு அறுவடை, குறைந்தது ஏழு ஆண்டு பீப்பாயில். பல நிறுவனங்கள் 30, 40 ஆண்டு வைத்திருந்துதான் விற்கும். முகப்பில் அறுவடை ஆண்டு இருப்பதால் வின்டேஜ் என்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு. வின்டேஜ் கண்ணாடிக்குள் மூப்படைந்தது, கோல்யேட்டா மரத்துக்குள். ஒரே ஆண்டின் வின்டேஜையும் கோல்யேட்டாவையும் அருகருகே வைப்பதைவிடத் தூய்மையான பரிசோதனை போர்ட் உலகில் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் விசித்திரப் பிறவி கரஃபெய்ரா. நீப்போர்ட் என்ற டச்சு வம்சாவளி நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. சில ஆண்டு மரத்தில் வைத்தபின், பெரிய கண்ணாடிக் குடுவைகளில் பல பத்தாண்டு வைத்து, அதன் பிறகே புட்டிக்கு மாற்றுகிறார்கள். மரத்தின் மென்மையும் கண்ணாடியின் புத்துணர்ச்சியும் அதில் ஒருசேரத் தெரியும். கிடைப்பதுதான் அரிது.

வெள்ளைப் போர்ட் வெள்ளைத் திராட்சையிலிருந்து வருவது; டானிக் தண்ணீரோடு பனிக்கட்டி போட்டு மாலையில் குடிக்க நன்று. ஆனால் பீப்பாயில் 30 ஆண்டு கிடந்த வெள்ளைப் போர்ட்டையும் அதே வயது டாவ்னியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே கடினம். போதிய ஆக்சிஜனும் காலமும் கொடுத்தால் சிவப்பும் வெள்ளையும் ஒரே இடத்தில் வந்து சந்தித்துக்கொள்கின்றன. 2008இல் குரோஃப்ட் நிறுவனம் அறிமுகம் செய்த ரோஜா நிறப் போர்ட், சுவை வரிசையில் வைக்க வேண்டியது அல்ல. கடற்கரையில் குடிக்க வேண்டியது.

இடையில் ஓர் எச்சரிக்கை. கோவாவுக்குப் போய்வந்தவர்கள் அங்கே மலிவாகக் கிடைக்கும் 'போர்ட் ஒயின்' என்ற இனிப்புச் சிவப்பு ஒயினைக் குடித்திருக்கலாம். போர்த்துகல் ஆண்ட மண்ணில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது இயல்புதான். ஆனால் அதற்கும் டோரோவுக்கும் உறவில்லை. ஐரோப்பாவில் அந்தப் பெயரோடு அதை விற்கவும் முடியாது. உண்மையான புட்டியின் கழுத்தில், தக்கையின் மேல், போர்ட்டோ நிறுவனத்தின் எண்ணிட்ட உத்தரவாத முத்திரைத்தாள் ஒட்டியிருக்கும்.

ஒரு மாலையில் எத்தனை வகை சுவைக்கலாம்? ஆறுக்கு மேல் போனால் மூக்கு களைத்துவிடும். தொழில்முறைச் சுவைஞர்கள் துப்பிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது: இது 20 சதவீத ஆல்கஹால், சாதாரண ஒயினைவிட ஒன்றரை மடங்கு. ஆறு குவளையையும் விழுங்குபவர் ஆறாவதைப் பற்றிச் சொல்லும் எதையும் பதிவு செய்ய வேண்டியதில்லை.

இரண்டே புட்டிதான் வாங்க முடியும் என்றால் வடிகட்டாத எல்.பி.வி. ஒன்று, 20 ஆண்டு டாவ்னி ஒன்று. காற்று தொடாததற்கும் தொட்டதற்கும் உள்ள தூரத்தை அவை இரண்டுமே காட்டிவிடும். வின்டேஜுக்குப் பணமும் பொறுமையும் இருந்தாலும், திறந்த இரண்டு மூன்று நாளில் அதைத் தீர்த்தாக வேண்டும், ஏனென்றால் காற்றுக்குப் பழகாத ஒயின் அது. டாவ்னியோ வாழ்நாள் முழுக்கக் காற்றோடு வாழ்ந்தது. திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். ஆனால் திறக்காத புட்டியில் அது மேலும் மெருகேறுவதில்லை. ஆகவே டாவ்னி வாங்கும்போது முகப்பில் இருக்கும் பெரிய எண்ணை மட்டும் பார்க்காமல், பின்பக்கம் சிறிதாக அச்சிட்டிருக்கும் புட்டியில் அடைத்த ஆண்டையும் பாருங்கள். அது எவ்வளவு அண்மையில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது.